அம்மா கேட்ட சரித்திரங்கள்

எங்கள் தஞ்சாவூர் வீட்டில் ஒரு குத்துவிளக்கு உண்டு. பாட்டி கல்யாணத்தின்போது சீராகக் கொண்டு வந்தது. நினைவு தெரிந்த நாளாக அந்தி வேளையில் அது எரியாமல் இருந்து நான் பார்த்ததில்லை. அப்பா காலமான ஐப்பசிக்குப் பிறகு அது எரியவில்லை.

ஏற்றக் கூடாது என்று யாரும் தடுக்கவில்லை. காரியமெல்லாம் முடிந்து, வந்த உறவினர்கள் அவரவர் ஊருக்குப் போன பின்பு வீட்டில் அம்மா தனியாக இருந்தாள். வெள்ளிக்கிழமை தோறும் புளி போட்டு விளக்கைத் தேய்ப்பாள். துணியால் துடைத்துப் பூஜை அறையில் கொண்டு போய் வைப்பாள். அவ்வளவுதான். திரியும் போட மாட்டாள். எண்ணெயும் விட மாட்டாள். மேல வீதியில் பங்காரு காமாட்சி கோயில் கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது. அந்தப் பக்கமும் போவதில்லை.

நான் சென்னையில் பத்திரிகை உத்தியோகம் பார்க்கிறவள். மாதம் இரண்டு முறை இரவு ரயிலேறி வந்து அம்மாவுடன் இருந்துவிட்டுப் போவேன். ஒரு நாள் மனசு கேட்காமல், "ஸ்வாமி மேல் கோபமா, அம்மா?" என்று கேட்டுவிட்டேன்.

அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிராமலே சொன்னாள்: "கோபம் இருந்தால் தேவலையே! கோபித்துக்கொள்ளவாவது எதிரே ஒருத்தர் இருக்கணுமே. அங்கே யாருமே இல்லாத மாதிரி இருக்குடி."

சகோதரிகளே, இதற்கு என்ன பதில் சொல்வது? கல்லூரியில் தத்துவம் ஒரு பாடமாகப் படித்தவள் நான். கீதையிலிருந்து ஏதோ சொல்லிப் பார்த்தேன். அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதெல்லாம் எனக்கும் தெரியுமே!" என்றாள். உண்மைதான். தெரியாமையா அவளுடைய சங்கடம்?

அந்தச் சமயத்தில் அம்மாவுக்குக் கண்ணில் புரை எடுத்திருந்தார்கள். சில வாரங்கள் கண்ணுக்குச் சிரமம் கொடுக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். பொழுது போவதற்காக அப்பாவின் அலமாரியைத் திறந்தேன். கையில் அகப்பட்டது ஒரு பழைய பைண்டு புத்தகம். உ. வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்'. 1940 முதல் 1942 வரை வாரப் பத்திரிகையில் தொடராக வந்தபோது தாத்தா வாரா வாரம் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து வைத்தது. பிற்பாடு அப்பா அதைப் புதிதாக பைண்டு செய்து வைத்திருந்தார். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு நான் உரக்கப் படிப்பேன். அம்மா ஊஞ்சலில் சாய்ந்தபடி கேட்பாள். உத்தமதானபுரம், மாயூரம், திருவாவடுதுறை, கும்பகோணம் என்று எல்லாம் நம் காவேரிக் கரை ஊர்களே அல்லவா? அம்மாவுக்கு மனசு ஒட்டிக்கொண்டது.

ஒரு ராத்திரி மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை காலமாகும் கட்டத்துக்கு வந்தோம். 1876, பிப்ரவரி மாதம். இடம் திருவாவடுதுறை. இருபது வயதுச் சாமிநாதையர் அருகில் உட்கார்ந்து திருவாசகத்தில் அடைக்கலப் பத்தைப் படிக்கிறார். பிள்ளையவர்களைத் தம் மார்பில் சாய்த்துக்கொண்டிருப்பவர் சவேரிநாத பிள்ளை. அவரும் மாணாக்கர்தான், கிறிஸ்தவர், குருவுக்குப் பிள்ளைபோல் இருந்து பணிவிடை செய்தவர். சைவப் பெரியவரின் உயிர் கிறிஸ்தவ மாணாக்கரின் மார்பில் பிரிகிறது. காதில் மாணிக்கவாசகரின் வாக்கு.

நான் புத்தகத்தை மூடினேன். அம்மா வெகு நேரம் பேசவில்லை. பிறகு கேட்டாள்: "அந்தச் சவேரிநாத பிள்ளை அப்போது தன் மனசில் யாரைக் கூப்பிட்டிருப்பார்?"

இந்தக் கேள்விதான் எங்களை வேறு வேறு வாசல்களுக்கு அழைத்துக்கொண்டு போயிற்று.

அடுத்த வீட்டில் ஒரு டீச்சரம்மா இருக்கிறார். வேளாங்கண்ணிப் பக்கத்துக்காரர். அம்மாவின் கேள்வியைச் சொன்னபோது, சிறுமலர் தெரேசம்மாள் எழுதிய சுய சரித்திரத்தைக் கொண்டு வந்து கொடுத்தார். பிரான்ஸ் தேசத்தில் 1873-இல் பிறந்து, பதினைந்தாம் வயதில் லிசியூ நகரத்துக் கார்மேல் மடத்தில் சேர்ந்து, 1897-இல் இருபத்து நான்காம் வயதில் காச நோயால் மாண்டுபோன பெண் அவள். மடத்துத் தலைவியாக இருந்த சொந்த அக்காள் கேட்டுக்கொண்டதனால் எழுத ஆரம்பித்தாள். அவள் காலமான மறு வருஷம் அச்சாயிற்று.

பிரார்த்தனை வேளையில் தான் தூங்கி வழிந்ததை அவள் ஒளிக்காமல் எழுதியிருக்கிறாள். அதைப் படித்தபோது அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். "நானும் சகஸ்ரநாமத்தில் பாதியில் தூங்கியிருக்கேன்" என்றாள். பல மாதங்களுக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட சிரிப்பு அது. ஆனால் கடைசிப் பகுதிக்கு வந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. 1896-ஆம் வருஷத்து ஈஸ்டரிலிருந்து அவளுக்கு உள்ளே ஒரே இருட்டு. மோட்சம் என்ற ஒன்று உண்டா என்ற சந்தேகம். சாகும்வரை அது முழுவதும் நீங்கவில்லை. அப்படியும் பிரார்த்தனையை விடவில்லை.

"இவளுக்குமா யாரும் இல்லாத மாதிரி இருந்தது?" என்று அம்மா கேட்டாள். ஆமாம் என்றேன்.

அப்பாவுக்குப் புத்தகம் பைண்டு செய்து கொடுத்தவர் ஒரு ராவுத்தர். துக்கம் கேட்க வந்தவர் அதன் பிறகும் வாரத்துக்கொரு முறை எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். எங்கள் வாசிப்பைக் கேள்விப்பட்டு, "இமாம் கஸ்ஸாலி தம்முடைய கதையைத் தாமே எழுதியிருக்கிறாரே, அதைப் படித்தீர்களா?" என்றார். அடுத்த முறை சென்னையிலிருந்து அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை எடுத்து வந்து தமிழில் சொன்னேன்.

1058-இல் பாரசீகத்தில் பிறந்தவர் கஸ்ஸாலி. பாக்தாத் நகரத்து நிஜாமியாக் கல்லூரியில் தலைமை ஆசிரியர். நூற்றுக்கணக்கான மாணவர்கள். ஆனால் எதை நம்புவது என்று அவருக்கு ஒரு காலத்தில் சந்தேகம் பிறந்துவிட்டது. கண்ணுக்கு நட்சத்திரம் ஒரு காசு அளவு தெரிகிறது. கணக்குப் பார்த்தால் அது பூமியை விடப் பெரிது. அப்படியானால் கண்ணை எப்படி நம்புவது என்று எழுதுகிறார். கண் சிகிச்சை செய்துகொண்ட அம்மாவுக்கு இது மிகவும் பிடித்திருந்தது! பிறகு 1095-இல் வேறொரு சோதனை. புகழுக்காகத்தானே பாடம் சொல்கிறோம் என்ற எண்ணம் அரித்தது. வகுப்பில் வாயைத் திறந்தால் நாக்கு எழவில்லை. சாப்பாடு இறங்கவில்லை. இது உடம்பில் வந்த வியாதி அல்ல என்று வைத்தியர்கள் கையை விரித்தார்கள். உத்தியோகத்தையும் சொத்தையும் விட்டுவிட்டு டமாஸ்கஸ், ஜெருசலேம், மெக்கா என்று புறப்பட்டுப் போய்விட்டார்.

ராவுத்தர் இதைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு அம்மாவைப் பார்த்துச் சொன்னார்: "அவர் எவ்வளவு பெரிய ஆலிம், அம்மா! அவருக்கே நாக்கு எழவில்லை. நமக்கு எழவில்லையென்றால் அது குற்றமா?"

அம்மா புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். டாக்டர் கண்ணைத் தொடக் கூடாது என்று சொல்லியிருந்ததை நான் நினைவுபடுத்தவில்லை.

தை மாதம் அறுவடை முடிந்து வைக்கோல் வண்டிகள் போகிற நாளில், வங்காளத்து ராசசுந்தரி தேவியின் கதை வந்தது. வைஷ்ணவக் குடும்பத்து மருமகள். பெண் படித்தால் குடி கெடும் என்று நம்பிய காலம். ராமாயணம், பாகவதம் கேட்டால் மட்டும் போதாது, தானே படிக்க வேண்டும் என்று அவளுக்குத் தாகம். கணவருடைய சைதன்ய பாகவதச் சுவடியிலிருந்து ஓர் ஏட்டை உருவிச் சமையலறையில் ஒளித்து வைத்தாள். மகன் எழுதிப் பழகிய ஓலை ஒன்றையும் எடுத்துக்கொண்டாள். அடுப்பு வேலைக்கு நடுவே இரண்டையும் ஒத்துப் பார்த்து எழுத்துக் கூட்டினாள். பன்னிரண்டு பிள்ளைகள் பெற்றவள். அவர்களில் பலரைக் கண் முன்னே பறிகொடுத்தவள். அவளுடைய சுய சரித்திரம் 1876-இல் வெளிவந்தது. ஆம், திருவாவடுதுறையில் மகாவித்துவான் கண் மூடிய அதே வருஷம். ஊருக்கெல்லாம் சமைத்துப் போட்டுவிட்டு, அதிதி வந்ததனால் தன் சோற்றை எடுத்துக் கொடுத்து, இரண்டு நாள் தான் பட்டினி கிடந்ததையும் அவள் எழுதியிருக்கிறாள். "இதை யாரும் கவனிக்கவில்லையா?" என்றாள் அம்மா. பிறகு தானே, "எங்கே கவனிக்கிறது!" என்றாள்.

'பொன்னியின் செல்வன்' படித்தவர்களுக்கு நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரம் மறந்திருக்காது. ஸ்ரீவிஜய நாட்டரசர் எழுப்பிய பௌத்த விகாரம் அது. சிவபக்தனான ராஜராஜ சோழன் அதற்கு ஆனைமங்கலம் என்ற கிராமத்தையே தானம் கொடுத்தான். பௌத்தம் நம் டெல்டாவில் அப்படி வாழ்ந்த சமயம். ஆகவே தேரீகாதையையும் எடுத்தோம். பௌத்தத் துறவிப் பெண்கள் தங்கள் கதையைத் தாங்களே சொல்லும் பழைய பாலிப் பாடல்கள் அவை. உரலிலிருந்தும் உலக்கையிலிருந்தும் விடுதலை கிடைத்ததைச் சொல்லி மகிழ்கிற ஒரு தேரியும் அவர்களில் உண்டு. நெல் குத்திய கைகளுக்குத்தான் அந்தச் சந்தோஷம் புரியும்!

அவர்களில் படாசாரா என்பவள் கணவனையும் குழந்தைகளையும் பெற்றோரையும் அடுத்தடுத்து இழந்து சித்தம் கலங்கியவள் என்று உரைகாரர் சொல்கிறார். துறவியான பின் ஒரு நாள் கால் கழுவுகிறாள். தரையில் தண்ணீர் ஓடுவதைப் பார்த்தபடி மனத்தை நிறுத்துகிறாள். பிறகு விளக்கை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய், ஊசியால் திரியை உள்ளே இழுக்கிறாள். விளக்கு அணைகிறது. அந்தக் கணத்தில் அவள் மனம் விடுதலை அடைகிறது.

இதைப் படித்துவிட்டு நான் பத்திரிகைக்காரியின் புத்தியைக் காட்டினேன். "பார்த்தாயா அம்மா, எல்லா மதமும் ஒன்றைத்தான் சொல்கிறது!" என்றேன்.

அம்மா ஊஞ்சலை நிறுத்தினாள். "அப்படிச் சொல்லாதேடி. அந்தத் தேரிக்கு விளக்கு அணைந்ததும் எல்லாம் தீர்ந்துபோச்சு. தெரேசம்மாள் இருட்டிலும் யாரையோ கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். இமாம் வீட்டை விட்டே போனார். அந்த வங்காளத்துப் பெண் அடுப்படியை விட்டு அசையாமலே கண்டுபிடித்தாள். ஒவ்வொருத்தர் வழி ஒவ்வொன்று. தஞ்சாவூர்க் கதம்பத்தில் மல்லிகை மல்லிகையாக இருக்கும், மரிக்கொழுந்து மரிக்கொழுந்தாக இருக்கும். கதம்பமாகக் கட்டு, கூழாகக் கரைத்துவிடாதே."

எத்தனையோ சர்வ சமயக் கூட்டங்களுக்குப் போய்க் குறிப்பு எடுத்திருக்கிறேன். இதைவிடத் தெளிவாக ஒருவரும் சொல்லி நான் கேட்டதில்லை.

பிறகு யோசித்தபோது எனக்கு ஒன்று புரிந்தது. ஒரு மதத்தின் கொள்கையை எடுத்துப் படித்தால் உடனே நம்முடையதோடு ஒத்துப் பார்க்கிறோம்; வாதம் செய்யத் தோன்றுகிறது. ஆனால் ஒரு மனுஷி, "எனக்கு இப்படி ஆயிற்று" என்று சொல்லும்போது வாதத்துக்கு இடமில்லை. கேட்கத்தான் முடியும். போதனை நூல்களில் வெளிச்சத்தை மட்டும்தான் சொல்கிறார்கள். சுய சரித்திரத்தில் இருட்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. துக்கத்தில் இருக்கிறவர்கள் நுழைய முடிந்த வாசல் அந்த இருட்டுப் பக்கம்தான். அப்பர் பெருமானே சூலை நோயில் துடித்ததைத் தம் பாட்டில் மறைக்கவில்லையே!

ஆடி மாதம் வந்தது. வாய்க்கால்களில் புதுத் தண்ணீர். அம்மாவின் கண்ணும் தேறி, தானே படிக்க ஆரம்பித்திருந்தாள். பதினெட்டாம் பெருக்குக்கு முதல் நாள் நான் ஊரில் இருந்தேன். சாயங்காலம் திடீரென்று மின்சாரம் போய்விட்டது. கூடத்தில் அம்மா 'என் சரித்திர'த்தை மறுபடியும் முதலிலிருந்து படித்துக்கொண்டிருந்தாள். நான் சமையலறையில் மெழுகுவர்த்தியைத் தேடிக்கொண்டிருந்தேன், அகப்படவில்லை. திரும்பி வந்தால் கூடத்தில் வெளிச்சம்.

பூஜை அறையிலிருந்த குத்துவிளக்கைக் கொண்டு வந்து, திரி போட்டு, எண்ணெய் விட்டு, ஒரு முகம் ஏற்றி, புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். நான் பார்ப்பதைப் பார்த்ததும், "என்னடி முழிக்கிறே? எழுத்துத் தெரிய வேண்டாமா?" என்றாள்.

நம்பிக்கை திரும்பி வந்து ஏற்றிய விளக்கு அல்ல அது. எழுத்துத் தெரிவதற்காக ஏற்றிய விளக்கு. அம்மா அப்படித்தான் சொன்னாள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

மறு நாள் அந்தியிலும் அது எரிந்தது. அன்று மின்சாரம் இருந்தது. நான் காரணம் கேட்கவில்லை.