சிஆர்பி 118: ஒரு அப்பாவின் ராத்திரி

1/ கோட்டூர்புரத்தில் எங்க கீழ் வீட்டுக்காரர் ராத்திரி 11 மணிக்குக் கதவைத் தட்டினார். கையில் போன், அதில் ரத்த ரிப்போர்ட். "டாக்டர், சிஆர்பி 118னு சிவப்புல போட்டிருக்கு. கட்டி பரவிடுச்சா?" (அவர் அனுமதியோடு எழுதுறேன்.)

2/ மகளுக்கு மூணரை வயசு. குளிப்பாட்டும்போது வயிறு ஒரு பக்கம் கெட்டியா இருந்ததைக் கண்டுபிடிச்சது அம்மாதான். வில்ம்ஸ் கட்டி. சின்னக் குழந்தைகளின் சிறுநீரகத்தில் வரும் புற்றுநோய். 1899-ல் இதை விரிவாக எழுதிய ஜெர்மன் மருத்துவர் மாக்ஸ் வில்ம்ஸின் பெயர்தான் அது. இடது சிறுநீரகத்தோடு கட்டியை எடுத்து ரெண்டு நாள் ஆகியிருந்தது.

3/ சிஆர்பி கல்லீரல் சுரக்கும் ஒரு புரதம். கிருமி வந்தாலும் ஏறும், கத்தி பட்டாலும் ஏறும். பெரிய ஆபரேஷனுக்குப் பிறகு 2, 3-ம் நாளில் உச்சத்துக்குப் போகும். 100-ஐத் தாண்டுவது சகஜம். அப்புறம் இறங்கணும்.

4/ கார்டிசால், சர்க்கரை, நியூட்ரோபில் எல்லாமே ஏறும். லிம்போசைட் குறையும். உடம்புக்கு ஆபரேஷனும் ஒரு அடிதான். வலியை அடக்கினால் இந்த அதிர்ச்சியும் குறையும். அதனால டாக்டர் எழுதிய வலி மருந்தை "குழந்தைக்கு எதுக்கு"ன்னு நிறுத்தாதீங்க. ஆனா ஐப்யூபுரோஃபென் மாதிரி மாத்திரையை நீங்களா கடையில் வாங்கிக் கொடுக்காதீங்க. இருப்பது ஒரே சிறுநீரகம்.

5/ எப்போ பயப்படணும்? இறங்கின சிஆர்பி மறுபடி ஏறினால். கூடவே காய்ச்சல், வயிறு உப்பல், வாந்தி, தையலில் சிவப்பு, சிறுநீர் குறைவு இருந்தால் காத்திருக்காம உடனே சொல்லுங்க. ஒரு நாள் எண்ணை மட்டும் பார்க்காதீங்க, வரிசையாப் பாருங்க.

6/ கட்டி பரவியிருக்கான்னு சிஆர்பி சொல்லாது. ஸ்கேனும் பயாப்ஸியும்தான் சொல்லும். ரிப்போர்ட்டை வாட்ஸப்பில் அனுப்புறோம், அர்த்தத்தை அனுப்புறதில்லை. அது எங்க தப்பு.

7/ உண்மையான ஆபத்து வேற இடத்தில் இருக்கு. தையல் பிரிச்சதும் "கட்டியத்தான் எடுத்தாச்சே"ன்னு கீமோவைப் பாதியில் விடுறது. வசதியுள்ள நாடுகளில் இந்தக் கட்டி வந்த பத்தில் ஒன்பது குழந்தைகள் பிழைக்கிறாங்க. முழு சிகிச்சைதான் காரணம். செலவு, பயணம், வேலை எது தடையா இருந்தாலும் ஆஸ்பத்திரியில் வாய்விட்டுக் கேளுங்க. 1954-ல் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையம் நமக்குப் பக்கத்துலயே இருக்கு.

8/ ஐந்தாம் நாள் சிஆர்பி 31. ஆனா அவர் எனக்கு அனுப்பினது ரிப்போர்ட் இல்லை. பாப்பா இட்லி சாப்பிடும் போட்டோ. அடுத்த வாரம் கீமோ. தேதியை காலண்டரில் வட்டம் போட்டு வெச்சிருக்காங்க.