அடுப்படிக்கு ஒரு கைதட்டு

வெளிநாட்டு ஓட்டலில் சாப்பிட்ட கதையை எழுதப் போகிறேன் என்றதும், "பெருமை அடிச்சுக்க வந்துட்டா" என்று முகம் சுளிக்காதீர்கள், சகோதரிகளே! சாப்பிட்டதைவிட அங்கே தெரிந்துகொண்ட ஒரு வழக்கம்தான் என்னை எழுத வைத்தது.

மகளும் மாப்பிள்ளையும் துபாயில் இருக்கிறார்கள். திருநாவலூரை விட்டு அதிகம் நகராத நானும் இவரும் போன மார்கழியில் ஒரு மாதம் அங்கே போய் இருந்துவிட்டு வந்தோம். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஜுமைரா கடற்கரைப் பக்கம் அழைத்துப் போனார்கள். தூரத்தில் பாய்மரம் விரித்த மாதிரி புர்ஜ் அல் அரப் கட்டிடம். சில்லென்ற காற்று. "அத்தை, இன்னிக்கு அர்ஜென்டினா சாப்பாடு" என்றார் மாப்பிள்ளை. எனக்குப் பக்கென்றது. அங்கே மாட்டிறைச்சிதானே பிரதானம்! நம் வீட்டில் அந்த வழக்கம் இல்லையே! "பயப்படாதேம்மா, கோழி இருக்கு, காய்கறி இருக்கு" என்று மகள் தைரியம் சொன்னாள்.

அர்ஜென்டினா தென் அமெரிக்காவில் இருக்கிறது. பம்பாஸ் என்ற பரந்த புல்வெளியில் மாடு மேய்த்த கௌச்சோ என்பவர்கள், வெட்டவெளியில் தீ மூட்டி இறைச்சியைச் சுட்டுச் சாப்பிட்டார்களாம். அதிலிருந்து வளர்ந்த சமையல் இது. பெயர் அசாதோ. சுடுகிறவருக்கு அசதோர் என்று பெயர்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அடுப்பு தெரிந்தது. எனக்குச் சாப்பாட்டைவிட அதில்தான் கண். விறகை ஓரமாக எரியவிட்டு, தணலானதும் கொஞ்சம் கொஞ்சமாக வாரி, கம்பித்தட்டின் அடியில் பரப்புகிறார்கள். கொழுந்துவிட்டு எரிகிற தீயில் எதையும் வைப்பதில்லை. கம்பிகள் வாய்க்கால் மாதிரி குழிவாக, சற்றுச் சாய்வாக இருக்கின்றன. உருகுகிற கொழுப்பு தணலில் சொட்டாமல் முன்னால் உள்ள தொட்டிக்கு ஓடிவிடுகிறது. சூடு கூடினால் ஒரு சக்கரத்தைச் சுற்றித் தட்டை மேலே தூக்கிவிடுகிறார்கள். மசாலா ஒன்றும் கிடையாது, உப்பு மட்டும். விலா எலும்புத் துண்டு வேக இரண்டு மணி நேரம்கூட ஆகுமாம்!

எங்களுக்குச் சுட்ட கோழி, குடைமிளகாய், கத்தரிக்காய் வந்தன. வட்டமாக நறுக்கித் தணலில் காட்டிய பாலாடைக்கட்டி, மேலே மொறுமொறு, உள்ளே இளகல். தொட்டுக்கொள்ள சிமிச்சூரி என்று ஒன்று. பார்ஸ்லித் தழை, பூண்டு, ஓரிகானோ, மிளகாய், வினிகர், எண்ணெய் கலந்தது. பார்ஸ்லிக்குப் பதில் கொத்துமல்லி, வினிகருக்குப் பதில் எலுமிச்சம்பழம் என்று நம் வீட்டிலேயே செய்யலாம். சுட்ட கத்தரிக்காய்க்கு அத்தனை பொருத்தம்.

பாதிச் சாப்பாட்டில் பக்கத்து மேஜைக்காரர்கள் எல்லோரும் அடுப்பைப் பார்த்துக் கைதட்டினார்கள். உள்ளே நின்றவர் மார்பில் கை வைத்துச் சிரித்தார். "அவங்க நாட்டு வழக்கம் அத்தை. 'அசதோருக்கு ஒரு கைதட்டு' என்று யாராவது சொன்னதும் எல்லாரும் தட்டுவாங்க. தீக்கிட்ட நின்னவரை மதிக்கிறது" என்றார் மாப்பிள்ளை. அங்கே ஞாயிற்றுக்கிழமை வீட்டுச் சமையலில் இறைச்சி சுடுவது பெரும்பாலும் ஆண்கள் வேலை, காய்கறி நறுக்குவதும் மற்ற பண்டங்களும் பெண்கள் வேலை என்றும் சொன்னார். "அப்ப காய் நறுக்கினவளுக்கு யார் தட்டுவாங்க?" என்று கேட்டேன். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். இவர் தண்ணீர் குடித்தார்.

எனக்கோ அம்மா ஞாபகம். கரும்புச் சோகை, வேலிகாத்தான் முள், வரட்டி, இவைதான் அம்மாவின் அடுப்புக்குத் தீனி. ஜன்னல் இல்லாத அடுப்படியில் நாற்பது வருஷம். இப்போது படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்றார் டாக்டர். "பீடி, சிகரெட் பழக்கம் உண்டா?" என்று கேட்டதற்கு அம்மா சொன்ன பதில்: "ஊதாங்குழல்தான் பிடிச்சேன் டாக்டர்." அவருக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு வரவில்லை.

துபாயில் அந்தப் புகை வாசனைக்குக் காசு கொடுக்கிறோம். அங்கே புகைபோக்கி இருக்கிறது. அம்மாவுக்கு அது இல்லை. வீட்டு அடுப்புப் புகையால் 2020இல் உலகத்தில் சுமார் 32 லட்சம் பேர் இறந்திருப்பார்கள் என்று உலகச் சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. மத்திய அரசு 2016இல் உஜ்வாலா திட்டத்தில் ஏழைப் பெண்களுக்கு எரிவாயு இணைப்பு கொடுக்க ஆரம்பித்ததற்குப் புகையும் ஒரு காரணம். ஆனாலும் சிலிண்டரை விருந்தாளிக்கு வைத்துக்கொண்டு, தினப்படிக்கு விறகு மூட்டுகிற வீடுகள் நம் பக்கம் இன்னும் உண்டு.

எங்கள் ஊரில் பிறந்த சுந்தரர், திருத்தொண்டத் தொகையில் அடியார்களைப் பேர் சொல்லி வணங்கியவர். அதில் இளையான்குடி மாறனாரும் வருகிறார். மழை கொட்டும் ராத்திரியில் விருந்தாளி வர, விதைத்த நெல்லையே வாரி வந்து, வீட்டுக் கூரைக் கழியை வெட்டி விறகாக்கிச் சோறு போட்ட கதை பெரிய புராணத்தில் உண்டு. சமைத்தது அவர் மனைவி. அந்த அம்மாள் பேர் என்னவென்று புராணத்தில் இல்லை! சின்ன வயசிலிருந்து கேட்ட கதைதான். துபாயிலிருந்து வந்த பிறகுதான் அது உறுத்துகிறது.

ஊருக்கு வந்து அம்மாவிடம் கைதட்டல் கதையைச் சொன்னேன். "கை தட்டினா வயிறு ரொம்புமாடி? ஒரு டம்ளர் வென்னீர் வச்சுக் குடுத்தா போதும்" என்றாள். வென்னீர் வைத்துக் கொடுத்தேன்.

சகோதரிகளே, விறகடுப்பு இருந்தால் வாசலுக்கு மாற்றுங்கள், இல்லையென்றால் புகை வெளியேற வழி செய்யுங்கள். கூடியவரை எரிவாயுவிலேயே சமையுங்கள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்பு ஊதாதீர்கள். எதைச் சுட்டாலும் தணலில் சுடுங்கள், கருகிய பாகத்தைக் கிள்ளி எறியுங்கள்.

வீட்டு ஆண்களுக்கு ஒரு வார்த்தை. கைதட்ட வேண்டாம். உப்புக் குறைந்தால் மட்டும் வாய் திறக்காமல், சரியாக இருக்கும்போதும் திறங்கள். போன வாரம் இவர் பேப்பரைப் பார்த்தபடியே, "ரசம் இன்னிக்கு நல்லாயிருக்கு" என்றார். இருபத்தைந்து வருஷத்தில் முதல் தடவை. பேப்பரிடம் சொன்னாரோ, என்னிடம் சொன்னாரோ, இன்னொரு கரண்டி ஊற்றினேன்!