தரங்கம்பாடியில் ஒரு பழைய படகு

தரங்கம்பாடிக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு படங்களோடு திரும்புவார்கள். ஒன்று டேனிஷ் கோட்டை. இன்னொன்று, அலையை ஒட்டி நிற்கும் மாசிலாமணிநாதர் கோயில். மாசி மாதத்தில் ஒரு காலை நானும் அந்த நினைப்போடுதான் போனேன். ஆனால், என் அரை நாளை எடுத்துக்கொண்டது மணலில் கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு பழைய ஃபைபர் படகு.

நீல வண்ணம் வெளுத்து, பதிவு எண் பாதி அழிந்திருந்தது. ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர் கையில் ஐந்து ரூபாய் நாணயத்தை வைத்துக்கொண்டு, படகின் அடிப்பக்கத்தைச் சாண் சாணாகத் தட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தட்டுக்கும் காதைச் சாய்த்தார். சில இடங்களில் சாக்பீஸால் வட்டம் போட்டார்.

“என்னண்ணே, தேங்காய் வாங்குற மாதிரி தட்டிப் பார்க்குறீங்க?” என்றேன்.

“அதே கணக்குதான் தம்பி. நல்லா இருந்தா ‘டங்’குன்னு சொல்லும். உள்ளே கெட்டுப் போயிருந்தா ‘தொப்’புன்னு அமுங்கிடும். நீங்களே கேளுங்க” என்று நாணயத்தை என்னிடம் நீட்டினார்.

தட்டினேன். அணியத்துப் பக்கம் கணீரென்று கேட்டது. பின்பக்கம் வர வர, ஈரச் சுவரைத் தட்டியதுபோல சத்தம் செத்துப்போனது.

“இதைச் சரி பண்ணுறதா, விட்டுடுறதான்னு இன்னிக்கு முடிவு பண்ணணும். மத்தியானம் ஃபைபர் மேஸ்திரி வர்றாரு” என்றார்.

சுனாமிக்குப் பின் வந்த படகு

அந்தப் படகின் கதை இந்தக் கரையின் கதையும்தான். 2004 டிசம்பர் 26 காலை வந்த சுனாமியில், அன்றைய நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தரங்கம்பாடி அப்போது அந்த மாவட்டத்தில் இருந்தது. இப்போது மயிலாடுதுறை மாவட்டம். கரையில் கிடந்த கட்டுமரங்கள் சிதறிப் போயின. அண்ணனின் அப்பா வைத்திருந்த கட்டுமரமும் அதில் ஒன்று.

அடுத்த வருடம் நிவாரணமாகப் படகுகள் வந்தன. அவற்றில் பெரும்பாலானவை ஃபைபர். அதற்கு முன்பே இந்தக் கரையில் ஃபைபர் படகுகள் உண்டு என்றாலும், கட்டுமரத்தின் காலத்தை முடித்துவைத்தது அந்த வருடங்கள்தான்.

“நாலு குடும்பத்துக்குச் சேர்த்து ஒரு படகு கொடுத்தாங்க. அதான் இது” என்றார் அண்ணன். நான்கு பங்காளிகளில் ஒருவர் காலமாகிவிட்டார். ஒருவர் விசைப்படகுக்குக் கூலிக்குப் போய்விட்டார். இன்னொருவர் மகன் வெளிநாட்டில் சம்பாதிக்க, கடலை விட்டுவிட்டார். அவர்கள் பங்கையும் சிறுகச் சிறுகக் கொடுத்துத் தீர்த்து, படகைத் தன்னுடையதாக்கிக்கொண்டார் அண்ணன். இரண்டு மகள்களின் கல்யாணம் இந்தப் படகில் நடந்தது என்றார். இப்போது அவரோடு கடலுக்குப் போவது கடைசி மகன்.

காக்கப்பட்டவையும் கரைந்தவையும்

மேஸ்திரி வரும்வரை ஊரைச் சுற்றி வந்தேன். காரைக்காலிலிருந்து வடக்கே சுமார் 15 கிலோமீட்டரில் இருக்கும் சின்ன ஊர் இது. தஞ்சை ரகுநாத நாயக்கரோடு உடன்பாடு செய்துகொண்டு, டேனிஷ்காரர்கள் 1620-ல் இங்கே வந்து கோட்டை கட்டினார்கள். 1706-ல் சீகன்பால்கு வந்து இறங்கியதும், பிறகு அச்சு இயந்திரம் கொண்டுவந்து தமிழில் புத்தகம் போட்டதும் இந்த ஊரில்தான். 1845-ல் ஆங்கிலேயர்களுக்கு ஊரை விற்றுவிட்டு டேனிஷ்காரர்கள் கிளம்பினார்கள்.

ராஜ வீதியில் நடந்தால், ஊர் வாசலுக்கும் கடலுக்கும் நடுவே எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். 1701-ன் சீயோன் தேவாலயம், 1718-ன் புதிய எருசலேம் தேவாலயம், பழுதுபார்த்துப் பளிச்சென்று நிற்கும் சில வீடுகள். அவற்றுக்குப் பக்கத்திலேயே கூரை இறங்கி, சுவரில் அரச மரம் முளைத்த வீடுகள். கோட்டையைச் சீர்செய்து, உள்ளே அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள்.

மாசிலாமணிநாதர் கோயில் பாண்டியர் காலத்தது. அதன் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. பாறைகளைக் கொட்டி மிச்சத்தைக் காத்திருக்கிறார்கள். எதைக் காப்பது, எதை விடுவது என்ற கேள்வி இந்த ஊருக்குப் புதிதில்லை. ஆனால், கோட்டையைப் பழுதுபார்ப்பதில் தவறு நேர்ந்தால் சுவரில் விரிசல் விழும். படகில் தவறு நேர்ந்தால், கரை தெரியாத இடத்தில் ஆட்கள் தண்ணீரில் இருப்பார்கள்.

மேஸ்திரி சொன்ன கணக்கு

திரும்பி வந்தபோது மேஸ்திரி படகின் பின்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எஞ்சினைத் தாங்குகிற இடம் அது. வெளியே ஃபைபர், உள்ளே பிளைவுட். போல்ட் போட்ட துளை வழியாக வருடக்கணக்கில் தண்ணீர் இறங்க, உள்ளே மரம் மக்கியிருந்தது. வெளியில் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. ஸ்க்ரூ டிரைவரை உள்ளே விட்டு எடுத்தார். காபித்தூள்போல வந்தது.

“இது பெரிய வேலை இல்லை. அறுத்துட்டுப் புதுப் பலகை வெச்சு மூடிடலாம்” என்றவர், அண்ணன் சாக்பீஸ் வட்டம் போட்ட அடிப்பக்கத்துக்கு வந்தார்.

ஃபைபர் படகு என்பது கண்ணாடி இழைப் பாயை அடுக்கடுக்காக விரித்து, ஒவ்வொரு அடுக்கையும் ரெசினில் நனைத்து இறுக வைப்பது. அடுக்குகள் ஒன்றோடொன்று பிடித்திருக்கும்வரைதான் அதற்கு வலு. இந்தக் கரையில் படகுகள் அலையில் மோதி மணலில் ஏறுகின்றன. தினமும் இழுபடுகிற அடிப்பக்கத்தில் மேல்பூச்சு தேய்கிறது. தண்ணீர் மெல்ல உள்ளே ஊறி, கொப்புளம் வைக்கிறது. நாளாக நாளாக அடுக்குகள் பிரிகின்றன.

மேஸ்திரி ஒரு கொப்புளத்தைக் குத்தினார். பழுப்பு நிறத்தில் நீர் கசிந்தது. முகர்ந்து பார்க்கச் சொன்னார். வினிகர்போலப் புளித்த வாடை.

“ஒன்னு ரெண்டு இடம்னா தேய்ச்சு எடுத்துட்டு, காயவிட்டு, புது மேட் ஒட்டிடுவேன். இது கடையிலேருந்து நடு வரைக்கும் போயிருக்கு. பூரா சுரண்டணும். வாரக்கணக்கா காய விடணும். அப்படியே மேலே ஒட்டிக் கொடுக்குறவங்களும் இருக்காங்க. அது நனைஞ்ச சுவத்துல சுண்ணாம்பு அடிக்கிற மாதிரி. நாலு மாசம் அழகா இருக்கும்.”

“செலவு?”

“புதுப் படகு விலையில பாதியைத் தாண்டிடும். பாதியைத் தாண்டுச்சுன்னா நான் யாரையும் செய்யச் சொல்றது இல்லை.”

அண்ணன் பேசவில்லை. பிறகு, “கரையோரமா ஓட்டலாமா?” என்றார்.

மேஸ்திரி நேராகப் பதில் சொல்லவில்லை. “ராத்திரியில இருபது பாகம் தண்ணிக்கு, இதுல உங்க பையனை ஏத்திக்கிட்டுப் போவீங்களாண்ணே?” என்று கேட்டார்.

அதற்கு மேல் கணக்குப் போட ஒன்றும் இல்லை. அண்ணன் சாக்பீஸைத் தூக்கி எறிந்துவிட்டு, கொஞ்ச நேரம் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

விட்டுவிடுவது எப்படி?

சாப்பாடு கொண்டுவந்த அவருடைய அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னபோது, அந்தம்மா முகம் மாறிவிட்டது. “இருபது வருஷம் சோறு போட்டுருக்கு” என்றார். மகன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். “வேணாம்னா வேணாம். பையன் உசுருதான் முக்கியம். ஆனா, அங்கே கிடக்குற மாதிரி இதைப் போட்டுடாதே” என்று கையைக் காட்டினார்.

அவர் காட்டிய இடத்துக்குப் போய்ப் பார்த்தேன். புதர் ஓரத்தில் மூன்று, நான்கு ஃபைபர் படகுகள். ஒன்றில் மழைத்தண்ணீர் தேங்கிக் கொசு மொய்த்தது. ஒன்றின் ஓரம் உதிர்ந்து, கண்ணாடி இழைகள் நரைமுடிபோல நீட்டிக்கொண்டிருந்தன.

கட்டுமரம் பழசானால் கட்டை அவிழ்த்துவிடலாம். நல்ல மரத்தை அடுத்த கட்டுமரத்துக்கு வைத்துக்கொண்டு, மிச்சத்தை அடுப்பில் வைக்கலாம். ஃபைபருக்கு அந்த வழி இல்லை. ஒருமுறை இறுகிய ரெசினை இரும்புபோல உருக்கி வார்க்க முடியாது. எரித்தால் நச்சுப் புகை. அறுத்தால் தூள் மூச்சில் போகும், தோலில் குத்தும். மண்ணிலும் மக்காது. அதனால் படகு பழசானால் விட்டுவிடலாம் என்று நாம் சொல்வது, உண்மையில் கரையிடம் தள்ளிவிடுவதுதான். வாங்கும்போதே, முடிவில் இதை என்ன செய்வோம் என்று யோசிக்க வேண்டிய பொருள் இது.

மாலைக்குள் அண்ணன் முடிவு எடுத்துவிட்டார். படகு இனிக் கடலுக்குப் போகாது. எஞ்சின் நன்றாக இருந்தது. அதை மச்சான் படகில் மாட்டி, பங்குக்குத் தொழில் செய்வது. மீன்துறை அலுவலகத்தில் பழைய பதிவை ரத்து செய்துவிட்டு, பணம் சேர்ந்ததும் புதுப் படகு. “பழசுக்குப் போட இருந்த காசு, புதுசுக்கு அட்வான்ஸு” என்றார். சிரிக்கத்தான் முயன்றார்.

“அப்போ இது?” என்றேன்.

“அம்மா சொல்லிட்டாங்கல்ல. பார்ப்போம் தம்பி.”

கிளம்பும்போது போன் நம்பர் வாங்கிக்கொண்டேன். பங்குனி கடைசியில் அவரிடமிருந்து ஒரு படம் வந்தது. வீட்டுக்குப் பக்கத்தில் ஆறு சிமென்ட் கால்கள். அவற்றின் மேல் அந்தப் படகு, கவிழ்த்தபடி கூரையாக. நிழலில் அண்ணனும் பையனும் வலை பின்னிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் அந்தம்மா.

‘மழைக்கு ஒழுகுமாண்ணே?’ என்று அனுப்பினேன்.

‘மேஸ்திரியை வெச்சு ரெண்டு இடத்துல மேட் ஒட்டிட்டேன். கூரைக்கு அது போதும்’ என்று பதில் வந்தது.