அழிச்சது யாரு?

உங்க கம்ப்யூட்டர்ல விண்டோஸ் எக்ஸ்பி, விண்டோஸ் 7 ரெண்டுமே இருக்கா? அப்போ இதைக் கொஞ்சம் பொறுமையா படிச்சிடுங்க. எல்.கே.ஜி.யிலிருந்து இங்கிலீஷ் மீடியம், அதனால தமிழ்ல பிழை இருந்தா மன்னிச்சிடுங்க.

புராஜெக்டுக்காக ஒரு சீனியர்கிட்டே இருந்து பழைய மைக்ரோகண்ட்ரோலர் கிட் வாங்கினேன். அதோட சாஃப்ட்வேர் எக்ஸ்பியில் மட்டும்தான் ஓடும். வீட்டு கம்ப்யூட்டரில் இருந்ததோ விண்டோஸ் 7. அதை அழிக்காம இன்னொரு பார்ட்டிஷனில் எக்ஸ்பியையும் போட்டேன். ஆன் பண்ணும்போது எது வேணுமோ அதைத் தேர்ந்தெடுத்துக்கலாம். பெரிய சாதனை பண்ணின மாதிரி திரிஞ்சேன்.

ரிவ்யூவுக்கு மூணு நாள் முன்னாடி, ராத்திரி பதினோரு மணி. ரிப்போர்ட்டோட நாலாவது சாப்டர் மேலேயே ஒரு பழைய ஃபைலை காப்பி பண்ணி 'ரீப்ளேஸ்' கொடுத்துட்டேன். ஆனா பதறலை. ஃபைலை ரைட் கிளிக் பண்ணி, பிராப்பர்ட்டீஸில் 'பிரீவியஸ் வெர்ஷன்ஸ்' போனா பழைய பிரதி கிடைக்கும். எக்ஸ்பி போடுறதுக்கு முன்னாடி ஒரு தடவை அப்படித்தான் தப்பிச்சேன். திறந்தேன். காலி. சிஸ்டம் ரீஸ்டோரைப் பார்த்தேன். ஒரு ரீஸ்டோர் பாயின்ட்கூட இல்லை.

என்னை விட்டா அந்த கம்ப்யூட்டரைத் தொடுறது பிளஸ் டூ படிக்கிற தங்கச்சி மட்டும்தான். தூங்கிட்டிருந்தவளை எழுப்பி, "என்னடி அழிச்சே?"ன்னு கத்தினேன். "நான் எதையும் தொடலண்ணா"ன்னு அழுதுட்டா. அம்மா என்னைத்தான் திட்டினாங்க. அப்பவும் நான் நம்பலை.

மறுநாள் கிளாஸ்ல நண்பன் கேட்ட முதல் கேள்வி: "டூயல் பூட்டா? கூட எக்ஸ்பி இருக்கா?"

விஷயம் இதுதான். எக்ஸ்பி வந்தது 2001-ல், விண்டோஸ் 7 வந்தது 2009-ல். விஸ்டாவிலிருந்து ரீஸ்டோர் பாயின்ட் சேமிக்கிற முறையே மாறிடுச்சு. ஷேடோ காப்பியா அதே டிரைவுக்குள்ளேயே மறைவா இருக்கும். எக்ஸ்பி பூட் ஆகும்போது அந்த டிரைவையும் மவுண்ட் பண்ணும். புது அமைப்பு அதுக்குப் புரியாது, அதனால அழிச்சிடும். கேட்காது, சொல்லவும் சொல்லாது. கிட்டுக்காக நான் எக்ஸ்பிக்குள்ளே போன ஒவ்வொரு தடவையும் இதுதான் நடந்திருக்கு. தங்கச்சி எக்ஸ்பி பக்கமே போனதில்லை.

இதுக்கு வழி இருக்கு. எக்ஸ்பியோட ரெஜிஸ்ட்ரியில் 'மவுண்டட் டிவைசஸ்' கீழே 'ஆஃப்லைன்'னு ஒரு கீ உருவாக்கி, விண்டோஸ் 7 இருக்கிற டிரைவைக் குறிச்சு மதிப்பு 1 கொடுத்தா, எக்ஸ்பி அந்த டிரைவைத் தொடாது. எக்ஸ்பியில் இருக்கும்போது அந்த டிரைவு ஃபைல்களை உங்களாலயும் திறக்க முடியாது, பரவாயில்லை. ஆனா ஏற்கெனவே போனது போனதுதான்.

ரெண்டு ராத்திரி உட்கார்ந்து அந்த சாப்டரை மறுபடி டைப் பண்ணேன். என் ரஃப் நோட்டுக் கிறுக்கலை வாசிச்சுக் கொடுத்தது தங்கச்சிதான். நடுவுல ஸாரி சொன்னேன். நிமிர்ந்துகூட பார்க்காம கேட்டா: "ஒரு காப்பி பென் டிரைவ்ல போட்டு வைக்க எவ்வளவு நேரம் ஆகும்ணா?"

நாலு வருஷம் கம்ப்யூட்டரோட மல்லுக்கட்டினவன்கிட்டே அதுக்குப் பதில் இல்லை. ரீஸ்டோர் பாயின்ட் பேக்கப் இல்லைங்க. இன்னைக்கே ஒரு காப்பி வெளியே எடுத்து வைங்க. அப்புறம், வீட்ல யாரையாவது கத்துறதுக்கு முன்னாடி, கடைசியா நீங்க என்ன பண்ணீங்கன்னு ஒரு தடவை யோசிங்க.