யார் வயிற்றுப் பூச்சி?

இரும்பையிலிருந்து கழுவெளி ஓரமாக மரக்காணம் உப்பளத்துப் பக்கம் போனால், மழை விட்ட மறுநாள் காலையில் சாலையில் அடிபட்டுக் கிடப்பது பெரும்பாலும் சாரைதான். வனத்துறையின் அனுமதிக் கடிதம் பையில் இல்லாமல் அதைத் தொட மாட்டேன். செத்த பாம்புக்கும் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் உண்டு. அதோடு, குடல் ஒட்டுண்ணிகளைத் தேடுவதென்றால் வெயில் ஏறுவதற்குள் வயிற்றைத் திறந்தாக வேண்டும். இந்தக் கரையோரச் சூட்டில் குடல் சுவர் சீக்கிரம் கூழாகிவிடும்.

அப்படி ஒரு சாரையின் மலத்தை 2.5 சதவீதப் பொட்டாசியம் டைகுரோமேட் கரைசலில் கலந்து, காற்றுப் படும்படி தட்டில் மெல்லிசாகப் பரப்பி வைத்தேன். ஒரு வாரம் கழித்து ஸ்லைடில் ஊசிஸ்ட்டுகள், அதாவது ஒட்டுண்ணியின் முட்டையுறைகள். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குதான். உள்ளே நான்கு பைகள், பைக்கு இரண்டு உயிரிகள். அப்படியென்றால் அது ஐமீரியா என்ற ஒட்டுண்ணிப் பேரினம். பாம்புகளில் அடிக்கடி காணும் கேரியோஸ்போராவாக இருந்தால், 1904இல் லெஜே விவரித்தபடி, ஒரே பையில் எட்டு இருக்கும். புது இனமோ என்று மனசு துள்ளியது. ஊர்ப் பெயரை லத்தீனில் வளைத்து ஒரு பெயர்கூட யோசித்துவிட்டேன்.

பிறகுதான், அன்றே குடலோடு எடுத்துப் பதப்படுத்தி வைத்திருந்த இரைப்பையைத் திறந்தேன். பாதி செரித்த எலி. எலிக்கும் சொந்தமாக ஐமீரியா உண்டு. 1924இல் விவரிக்கப்பட்ட ஐமீரியா நீஷூல்சி அதில் ஒன்று. எலியைத் தின்ற பாம்பின் குடல் வழியாக அந்தக் கெட்டி உறை சேதமில்லாமல் வெளியே வந்துவிடும். முப்பது ஊசிஸ்ட்டுகளை அளந்தேன். எலியின் ஐமீரியாவுடைய அளவுக்குள் அடங்கின. பாம்பின் குடல் சுவரைச் சீவிப் பார்த்தேன். செல்லுக்குள் வளரும் நிலை ஒன்றுகூட இல்லை. யோசித்த பெயரை நோட்டில் அடித்துவிட்டேன்.

புது இனம் என்று எழுத அளவு, படம், விருந்தோம்பி, ஊர் எல்லாம் வேண்டும். 2000 முதல், எது மூல மாதிரி என்று வெளிப்படையாகக் குறிப்பிடாத புதுப் பெயர் விலங்குப் பெயரிடல் விதிப்படி செல்லாது. ஊசிஸ்ட் நாளாக நாளாகச் சிதைந்துபோகும் பொருள். அதனால் அதன் ஒளிப்படத்தை அருங்காட்சியகத்தில் வைக்கச் சொல்கிறது டுசின்ஸ்கியும் வில்பரும் 1997இல் எழுதிய வழிகாட்டி. இத்தனைக்கும் முன்னால் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இது பாம்பினுடையதா, பாம்பு தின்றதனுடையதா?

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: மைக்ரோஸ்கோப்பில் கண் வைக்கும் முன் இரைப்பையைத் திறந்து பாருங்கள்.