பீலிக்கரைத் தண்ணீர்

ஹட்டன்

அன்புள்ள நண்பருக்கு,

இலங்கை மலைநாட்டின் வனப்பைப் பற்றி விரிவாக எழுத வேண்டுமென்று தாங்கள் கேட்டிருந்தீர்கள். வனப்புக்கு இங்கே எள்ளளவும் குறைவில்லை. ஆயினும் நானுஓயாவில் ரயிலை விட்டு இறங்கியது முதல் என் சிந்தையை விட்டு அகலாதிருக்கும் விஷயம் இங்குள்ள தேயிலைத் தோட்டங்களில் வாழும் நம் ஜனங்கள் குடிக்கும் தண்ணீர்தான். ஆகவே இந்தக் கடிதத்தை அதற்கே ஒதுக்குகிறேன்.

இலங்கைத் தீவின் பெரும்பகுதிக்கு ஜலம் வார்ப்பவை இந்த மலைகள். ஹோர்ட்டன் சமவெளிக்கும் சிவனொளிபாத மலைக்கும் இடைப்பட்ட சிகரங்களில் பிறக்கும் கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்களில் சற்றே தங்கி, மின்நிலையங்களின் சக்கரங்களைச் சுழற்றிவிட்டுக் கீழிறங்கி, ஒன்றுகூடிக் களனி கங்கையாக மேற்கே ஓடுகின்றன. அந்தக் களனியின் தண்ணீரைத்தான் அம்பத்தளையில் வடிகட்டிச் சுத்திகரித்துக் கொழும்பு நகரத்தார் குழாயில் பிடித்துக் குடிக்கிறார்கள். மறுபுறச் சாரல்களில் ஆக்ரா ஓயாவும் நானு ஓயாவும் கொத்மலை ஓயாவில் கலந்து, மகாவலியைச் சேர்ந்து, வறண்ட பிரதேசத்து வயல்களை நனைக்கின்றன. நம் ஊரில் தலைமடைக்காரன் நிறையப் பாய்ச்சிக்கொண்டு கடைமடைக்காரனை வாட விடுகிறான் என்பது காலங்காலமாகக் கேட்டுவரும் முறையீடு. இங்கேயோ தலைமடையில் குடியிருப்பவர்களுக்குத்தான் நம்பிக் குடிக்க ஒரு குவளைத் தண்ணீர் இல்லை.

தோட்டத்து லயங்களைப் பற்றித் தாங்கள் படித்திருப்பீர்கள். துரைமார் காலத்தில் தொழிலாளருக்கென்று கட்டிய நீண்ட கட்டடம். பத்தடிக்குப் பன்னிரண்டடியான, காம்பரா என்னும் அறைகள். முன்புறம் இஸ்தோப்பு என்னும் ஒடுங்கிய தாழ்வாரம். அதற்குச் சற்றுத் தள்ளிப் பீலிக்கரை. மலைச்சரிவில் எங்கோ கசியும் ஊற்றிலிருந்து கறுப்பு நிறக் குழாய் ஒன்று தேயிலைச் செடிகளுக்கூடே நெளிந்து வந்து, அங்கே இரவு பகலாக ஒழுகிக்கொண்டிருக்கும். குடிக்கவும், குளிக்கவும், துணி துவைக்கவும், பாத்திரம் துலக்கவும் பல குடும்பங்களுக்கு அது ஒன்றே கதி.

நான் தங்கியிருந்த இடத்துக்கு அருகிலுள்ள ஒரு தோட்டத்தில், முதியவர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, அந்தக் குழாயைப் பிடித்தபடியே மேலேறிச் சென்று அதன் மூலத்தைப் பார்த்தேன். ஆளுயரமில்லாத ஒரு சிமெண்டுத் தொட்டி. மூடியாக இருந்த பலகை உளுத்துப்போனதால் துருப்பிடித்த தகரம் ஒன்றை வைத்து, காற்றில் பறக்காதபடி அதன்மேல் கல்லேற்றியிருந்தார்கள். தகரத்தைத் தூக்கினால், அடியில் விரற்கடை உயரத்துக்கு வண்டல், மேலே நிழல் மரத்துச் சருகு, சுவரோரம் ஒரு தவளை. நிமிர்ந்து பார்த்தேன், தொட்டிக்கு மேலேயுள்ள சரிவில் இன்னொரு லயம், அதன் பின்புறம் கழிப்பறைக் குழிகள், பக்கத்தில் ஒரு மாட்டுப்பட்டி. சுற்றிலும் தேயிலை, அதற்கு உரமும் களைகொல்லியும் இட்டாக வேண்டும். மழை பெய்தால் இவையெல்லாம் எந்தத் திசையில் இறங்கும் என்பதை அறிய எந்தப் பரிசோதனைச் சாலையும் தேவையில்லை.

கீழே வந்தபோது குடம் வைத்துக் காத்திருந்த ஓர் அம்மாளிடம் விசாரித்தேன். குழாயின் வாயில் பழைய சேலைத் துண்டொன்றைக் கட்டியிருந்தாள்; வெள்ளையாக இருந்திருக்க வேண்டிய அந்தத் துணி செம்பழுப்பேறிக் கிடந்தது. “வெயில் காலத்துல நூல் மாதிரி ஒழுகும் ஐயா, மழைக் காலத்துல தேத்தண்ணி நெறத்துல வரும். கொதிக்க வச்சுக் குடிங்கன்னு சொல்லிட்டுப் போறாங்க. வெறகு நனைஞ்சு கெடக்கு, நான் விடிய வேலைக்கு, பெரட்டுக்குப் போகணும். எப்பக் கொதிக்க வைக்கிறது?” என்றாள். இதற்கு என்ன மறுமொழி சொல்வது? துணி மண்ணைத் தடுக்குமேயன்றிக் கிருமியைத் தடுக்காது. வயிற்றுக்கடுப்பும், நெருப்புக்காய்ச்சலும், மஞ்சட்காமாலையும் கண்ணாடிபோல் தெளிந்த தண்ணீரிலும் வரக்கூடியவை. இலங்கையின் குடிநீர்த் தர நியமம், அதாவது தர நிர்ணய ஸ்தாபனத்தின் 614-ஆம் எண் நியமம், 100 மில்லிலீட்டர் தண்ணீரில் ஈ-கோலை என்னும் குடற்கிருமி ஒன்றுகூட இருக்கலாகாது என்கிறது. அந்தத் தோட்டத்தில் பலருடைய வயிற்றுக்குள் செல்லும் கொதித்த தண்ணீர், காலையில் குடிக்கும் சாயத்தண்ணீர் ஒன்றுதான். குழந்தைகளோ ஓடியாடிக் களைத்த வேகத்தில் பீலியிலேயே வாய் வைத்துக் குடிக்கிறார்கள்.

தண்ணீர் கெட்டிருப்பதைக் காட்டிலும் என்னை அதிகம் வருத்தியது, அதற்குப் பொறுப்பாளி யார் என்ற கேள்விக்கு ஒருவரும் நேரான விடை சொல்லாததுதான். நம் துறையூர், முசிறிப் பக்கங்களிலிருந்தெல்லாம் ஜனங்கள் கடல் கடந்து வந்த காலத்தில், நோய் பரவுமோ என்ற அச்சம் ஆங்கில அரசாங்கத்துக்கு இருந்தது. 1912-ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் சட்டம், லயங்களையும் அவற்றின் சுற்றுப்புறத்தையும் சுகாதாரமாக வைத்திருப்பது தோட்டத்துத் துரையின் கடமை என்று விதித்தது. 1916-ல் ராக்ஃபெல்லர் ஸ்தாபனத்தார் கொக்கிப்புழுவை ஒழிக்கத் தோட்டங்களுக்கு வந்து, கழிப்பறை கட்டுவதன் அவசியத்தை வற்புறுத்தினார்கள். உழைப்பாளியின் உடம்பைக் காப்பது அவனுடைய உழைப்பைக் காப்பதற்காகவே என்றாலும், கடமையென்று ஒன்று ஒருவர் தலைமீது இருந்தது. பின்னர் 1972-லும் 1975-லும் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992-ல் நிர்வாகம் கம்பெனிகளின் கைக்குப் போயிற்று. நிலம் அரசாங்கத்தினிடமே நின்றது. 1975 முதல் இயங்கிவரும் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் குழாய்கள் பெரும்பாலும் பட்டணங்களோடு நின்றுவிடுகின்றன. 1987-ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33-ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைப் பணத்தைச் செலவிட முடியாதபடி நெடுங்காலம் தடையாக நின்றது. தோட்டத்து ஜனங்கள் வாக்களித்து உறுப்பினரை அனுப்பலாம். அந்த உறுப்பினர் அவர்களுடைய பீலிக்கு ஒரு மூடி வாங்கிப் போடுவதற்குச் சட்டம் இடங்கொடுக்கவில்லை! இந்த அநீதி 2018-ல்தான் திருத்தப்பட்டது. சட்டம் திருந்திவிட்டது, பணமும் பொறியாளரும் இன்னும் போதிய அளவில் மலையேறி வரவில்லை.

அமெரிக்காவின் நிலையை இங்கே சற்று ஒப்பிட்டுப் பார்க்கத் தோன்றுகிறது. அங்கேயும் ஒதுக்குப்புறமான சிறு ஊர்களில் குழாய்த்தண்ணீர் கெட்டுப்போவதுண்டு, விதிமீறல்களுக்கும் குறைவில்லை. ஆனால் 1974-ல் அவர்கள் இயற்றிய பாதுகாப்பான குடிநீர்ச் சட்டத்தின்படி, குறைந்தது 15 இணைப்புகளுக்கோ, வழக்கமாகக் குறைந்தது 25 பேருக்கோ குழாய்த்தண்ணீர் தருவது எதுவாயினும் பொது நீர் வழங்கலே. அதை நடத்துபவர் குறித்த காலத்தில் பரிசோதித்தாக வேண்டும். உடனடி அபாயம் தரும் குற்றங்கண்டால் 24 மணி நேரத்துக்குள் குடிப்பவர்களுக்கு அறிவித்தாக வேண்டும். மீறல் என்று ஒன்று ஏட்டில் ஏறுவதற்கு, மீறியவர் இன்னார் என்று சொல்லும்படியான ஒருவர் இருக்க வேண்டுமல்லவா? அந்த அளவுகோலால் பார்த்தால் நான் கண்ட லயத்துப் பீலியும் ஒரு பொது நீர் வழங்கல்தான். ஆயினும் அதன் தண்ணீர் கெட்டால் பதில் சொல்ல வேண்டியவர் இன்னார் என்று அங்கே ஒருவராலும் எனக்குக் காட்ட முடியவில்லை.

ஹட்டன் பட்டணத்துக்குத் தண்ணீர் தரும் சிங்கமலைக் காட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். கோடையில் அந்தக் காட்டுக்கு யாரோ தீ வைத்துவிடுவதும், பட்டணத்தார் தண்ணீருக்காகக் கவலைப்படுவதும் இங்கே வழக்கமாகிவிட்டன. காடு போனால் ஊற்றும் போகும் என்பதை இங்குள்ளவர்கள் நன்றாகவே அறிவார்கள்.

செய்ய வேண்டியது பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஊற்றுக்கண்ணைச் சுற்றி வேலியிட்டு, அதற்கு மேலே கழிப்பறையும் மாட்டுப்பட்டியும் மருந்தடிப்பும் இல்லாமல் பார்த்துக்கொள்வது. தொட்டிக்கு இறுக்கமான மூடியும் மணல் வடிகட்டியும் அமைப்பது. முறையாகக் குளோரின் இட்டு, பீலியின் வாயில் அது லீட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிஞ்சியிருக்கிறதா என்று சோதிப்பது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கண்ட முடிவைத் தமிழில் எழுதிப் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவின் சுவரில் ஒட்டுவது. இவற்றைச் செய்விக்க வேண்டியவர் பெயரையும் அதே காகிதத்தில் எழுதிவிட்டால் பாதி வேலை முடிந்தது என்பேன்.

தங்கள் பத்திரிகையின் வாசகர்களிடம் ஒரு விண்ணப்பம். 2017 மே மாதம் நோர்வூட்டுக்கு வந்த நம் இந்தியப் பிரதமர், ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருந்த 4,000 வீடுகளோடு மேலும் 10,000 வீடுகள் தோட்டத்து மக்களுக்குக் கட்டித் தருவதாக அறிவித்தார். நம் தேசத்துப் பணத்தில் எழும் அந்த வீடுகளைப் பற்றிக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு. எத்தனை வீடு முடிந்தது என்று கேட்பவர்கள், அந்த வீட்டுக்கு வரும் தண்ணீரை யார் பரிசோதிக்கிறார்கள், கடைசியாக எந்தத் தேதியில் பரிசோதித்தார்கள் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டுமென்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் அன்புள்ள
நண்பன்