ரம்பம் வாங்கப் போன கிராணி

எழுதுகோல் பிடித்த கை உளி பிடித்தல் தகாது என்னும் எண்ணம் நம்மவருள் இன்னும் மறைந்தபாடில்லை. ஆங்கிலத்திற் கற்று, பேராக் மாநிலத்துத் தோட்டமொன்றில் கிராணியாக வேலை பார்க்கும் நானும் முப்பத்து நான்கு வயதுவரை அவ்வெண்ணத்துக்கு அடிமையாகவே இருந்தேன். அதனின்றும் என்னை விடுவித்தது ஒரு ரம்பம். என்னைத் தலைகுனிய வைத்ததும் அதுவே. நடந்ததை ஒளியாமற் சொல்லுகிறேன்.

சென்ற ஆண்டு பட்டணத்தை அடுத்த தாமானில் ஒரு சிறு வீடு வாங்கினோம். மூன்று தலைமுறையாகத் தோட்டத்து வீட்டிற் குடியிருந்த எங்களுக்கு அதுவே முதற் சொந்தக் கூரை. கதவு நிலைகளுக்கு ஓரப்பட்டை இல்லை. சமையலறையில் அலமாரி இல்லை. ஒப்பந்தக்காரர் கேட்ட தொகையோ என் நான்கு மாதச் சம்பளம். ஆகவே, தூக்கிச் செல்லத்தக்க மேசை ரம்பம் ஒன்று வாங்கி, ஓய்வு நாட்களில் நானும் தம்பியுமாக அவ்வேலையை முடிப்பதென்று தீர்மானித்தேன்.

பழைய ரம்பமொன்று 400 வெள்ளிக்குக் கிடைப்பதாயிற்று. 10 அங்குலத் தட்டு. காதைப் பிளக்கும் முழக்கம். முழக்கமே வலிமை என்று மயங்கினேன். ஆயினும் பணங் கொடுக்குமுன், எங்கள் தோட்டத்துப் பட்டறையில் தச்சராயிருந்து ஓய்வுபெற்ற பெரியவரை உடன் அழைத்துச் சென்றேன். அவருடைய இடக்கையில் இரண்டு விரல்கள் பாதியே உள்ளன.

அவர் விசையைத் தொடவில்லை. தட்டின் பின்புறம் குனிந்து பார்த்து, "கிராணியாரே, பிளவுத் தகடு எங்கே?" என்றார். நான் விழித்தேன்.

"அறுத்த மரம் பின்னால் நெருங்கி மூடும், மூடினால் ரம்பத்தைக் கவ்வும். பின்பக்கத்துப் பல் மேல்நோக்கி எழுவதாதலால், கவ்விய மரத்தைத் தூக்கி நம் மேலேயே எறியும். மரத்தோடு கையும் போகும். பிளவு மூடாதபடி தட்டுக்குப் பின்னே நிற்பதுதான் அந்தத் தகடு. நம் பட்டறையில் யாரோ கழற்றினார்கள், திரும்ப மாட்டவில்லை" என்று சொல்லித் தம் கையைப் பார்த்துக்கொண்டார்.

என் நெஞ்சில் அடி விழுந்தது போலாயிற்று. ஏழாண்டுகளுக்கு முன் அவ்விபத்தைப் பதிவேட்டில் எழுதியவன் நானே! 'காரணம்' என்ற கட்டத்தில் 'தொழிலாளியின் கவனக் குறைவு' என்று அழகிய ஆங்கிலத்தில் எழுதினேன். பட்டறைக்குச் சென்று இயந்திரத்தைப் பார்த்தேனில்லை. பார்த்திருந்தாலும் அதில் இல்லாதது எதுவென்று அறியும் அறிவு எனக்கில்லை.

நிற்க. அந்த ரம்பத்தை விட்டுத் திரும்பினோம். பெரியவர் கற்பித்தவற்றை வாசகர்களின் நன்மைக்காக இங்கே தருகிறேன்.

முதலாவது, பிளவுத் தகடு. அது தட்டோடு ஏறி இறங்குவதாய், தட்டின் உடலினும் சற்றுத் தடித்ததாய், பற்கள் வெட்டும் வாயினும் மெலிந்ததாய் இருத்தல் வேண்டும். 10 அங்குலத் தட்டு நிமிஷத்துக்கு 4,000 முறை சுழலுமாயின் அதன் பற்கள் மணிக்கு ஏறக்குறைய 190 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகின்றன. அவ்வேகத்தை நம் கை எவ்வாறு முந்தும்? தோல் பட்ட மாத்திரத்தில் தட்டை நிறுத்தும் முறையை அமெரிக்காவில் ஸ்டீபன் காஸ் என்பார் 1999-இல் கண்டார். அவ்வகை ரம்பம் விலை மிகுந்தது, இயன்றவர் வாங்குக. ஏனையோர் தகடும் மேல்மூடியும் தள்ளுகோலும் இன்றி ரம்பத்தை இயக்கவே வேண்டா.

இரண்டாவது, மரத்தைச் சாய்த்துத் தள்ளும் வழிச்சட்டம். அதனை நகர்த்திப் பூட்டி, தட்டின் முன்பல்லிலிருந்தும் பின்பல்லிலிருந்தும் சட்டம் வரை அளந்து பாருங்கள். பின்புறம் குறுகினால் மரம் இறுகும், ஆபத்தும் நெருங்கும். பற்சக்கரத்தால் முன்னும் பின்னும் ஒருங்கே நகரும் சட்டம் சிறந்தது.

மூன்றாவது, அகலம். சமையலறைக் கீழலமாரியின் பக்கப் பலகை ஏறக்குறைய 580 மில்லிமீட்டர் ஆழமுடையது. ஆதலின் தட்டுக்கும் சட்டத்துக்கும் இடையே 610 மில்லிமீட்டர், அதாவது 24 அங்குலம், விரியும் ரம்பமே நமக்கு ஏற்றது. தட்டு 8¼ அங்குலமாயினும் ஓரப்பட்டைக்கும் 18 மில்லிமீட்டர் பிளைவுட்டுக்கும் தாராளமாகப் போதும். முழுப் பிளைவுட் பலகையைச் சிறு மேசைமீது தள்ளலாகாது. கைரம்பத்தால் முதலிற் பிளந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவிலிருந்து மலிவாக வருவிக்கும் 120 வோல்ட் இயந்திரம் நம் 230 வோல்ட் மின்சாரத்துக்கு ஆகாது என்பதையும் மறவாதீர்கள்.

இவ்வாறு ஆராய்ந்து 8¼ அங்குல ரம்பமொன்றைப் புதிதாகவே வாங்கினேன். விலை மும்மடங்கு, ஆயினும் தம்பியின் பத்து விரலுக்கு அது மலிவே. முதலில் அறுத்தது ரப்பர் மரப் பலகை. முன்னாளில் வெட்டியபின் விறகாய் எரிந்த மரம் அது. இன்று பூச்சி அரிக்காதபடி மருந்தேற்றி, சூளையில் உலர்த்தி, தளவாடங்கள் செய்கிறார்கள். இருபது ஆண்டு பால் வெட்டிய என் தாயார் அப்பட்டையைத் தடவிப் பார்த்து, "இது நம்ம பால்மரமா!" என்று வியந்தார். நிலைகளில் இன்று அதுவே நிற்கிறது.

எனினும் என் மனம் அமைதியுறவில்லை. மறுநாள் பட்டறைக்குச் சென்றேன். அதே ரம்பம், அதே குறை. இப்போது ஒரு வாலிபன் அதில் மரம் அறுத்துக்கொண்டிருந்தான். காரணம் கவனக் குறைவு என்று நான் எழுதி வைத்ததனால், தகட்டைத் தேடுவார் இல்லாமற் போயினர். நிர்வாகியிடம் அனுமதி பெற்று, பழைய பதிவின் கீழே 'இயந்திரத்திற் பிளவுத் தகடு பொருத்தப்பட்டிருக்கவில்லை' என்று தேதியிட்டு எழுதினேன். பிறகு பெரியவர் வீட்டுக்குப் போய், செய்த பிழையைச் சொன்னேன்.

நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர், "விரல் இனி வராது, கிராணியாரே. பட்டறைக்குத் தகடு வந்ததா?" என்று கேட்டார்.

அடுத்த வாரம் வந்தது. நானே நின்று பொருத்துவித்தேன்.